ஸ்டீவன் போன் மேல் பழி போட்ட மூன்று மாதம்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் ஸ்டீவனுக்கு வேலை. பழைய இரும்பை உலையில் போட்டுக் கூழாகக் காய்ச்சி அச்சில் ஊற்ற வேண்டும். பதினோரு வருஷமாக அதே உலை, அதே மேடை. புதுவாயல் கூட்டுரோட்டில் யாரிடம் 'ஃபர்னஸ் ஸ்டீவன் வீடு எது' என்று கேட்டாலும் கை நீட்டிக் காட்டிவிடுவார்கள். அப்பா தானியேல் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டுச் செத்துப்போனவர். அந்த நிலமெல்லாம் கம்பெனியானபோது மகன் கம்பெனிக்காரன் ஆனான். அதற்காக அந்த வீட்டில் யாரும் கண் கலங்கவில்லை.

ஆள் நல்ல உயரம். நெருப்புக்கு முன்னால் நின்று நின்று முகமும் முன்கையும் செம்பு நிறத்துக்கு வந்துவிட்டன. குடிப்பது கிறிஸ்துமசுக்கும் புத்தாண்டுக்கும் மட்டும். சிகரெட் கிடையாது. முப்பத்தாறு வயதுக்குள் ஊரில் இவ்வளவு நல்ல பேர் எடுத்தவனுக்கு ஒரே ஒரு குறை இருந்தது. கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியும் குழந்தை இல்லை.

குறை இரண்டு பேருக்கும் பொது என்றாலும் பழி முழுக்க அவன் மனைவி ஏஞ்சல் தலையில்தான் விழுந்தது. ஸ்டீவனின் அம்மா ஞானம்மா கொடுமைக்கார மாமியார் இல்லை. மருமகளுக்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டுவாள். ஆனால் யார் எதைக் கேட்டாலும், "ஏஞ்சலுக்கு இன்னும் தங்கலம்மா" என்பாள். அந்தப் பதிலில் மகனுக்கு இடமே இருக்காது. சந்தையில், பஸ்ஸில், கல்யாண வீட்டில் எல்லாம் அதே பதில்தான். கேட்டவர்கள் ஏஞ்சலின் வயிற்றைப் பார்ப்பார்கள். ஸ்டீவன் பக்கம் ஒருவர் கண்ணும் திரும்பாது.

நான்கு வருஷமாக ஏஞ்சல் ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. ஸ்கேன், ரத்தம், குழாய் அடைப்புக்கான டெஸ்ட் எல்லாம் எடுத்தாயிற்று. அந்தக் கடைசி டெஸ்டுக்குப் போய்விட்டு வந்த அன்று வலியில் அவளால் நிமிர்ந்து நடக்க முடியவில்லை. மாத்திரை தின்று ஒன்பது கிலோ எடை ஏறியது. ரிப்போர்ட்டெல்லாம் நார்மல், நார்மல் என்றே வந்துகொண்டிருந்தது. போன இடத்திலெல்லாம் டாக்டர்கள் கடைசியில் ஒரே கேள்வியைக் கேட்டார்கள், "உங்க வீட்டுக்காரர் ஏன் வரல?"

"எனக்கு இன்னா கொறச்சல்? அம்பது கிலோ ஸ்கிராப்ப அப்டியே தூக்கிப் போடறேன்" என்பது ஸ்டீவனின் பதில். தோளில் இருக்கிற பலத்தை வைத்து இடுப்புக்குக் கீழே கணக்குப் போடுகிற ஆண்பிள்ளைகள் உலகம் முழுக்க உண்டு. இவன் ஒருவனைக் குறை சொல்லி என்ன?

ஒரு நாள் காலையில் ஏஞ்சல் மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து அவனுடைய சாப்பாட்டுப் பைக்குள் வைத்தாள்.

"இனிமே இத நீங்க துன்னுங்க. நான் எங்கயும் வர்றதா இல்ல."

அவள் குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவனுக்குக் கலக்கமாக இருந்தது. அடுத்த வாரமே டெஸ்டுக்கு ஒத்துக்கொண்டான். ஆனால் கும்மிடிப்பூண்டி வேண்டாம், அங்கே யாராவது பார்த்துவிடுவார்கள், திருவள்ளூருக்குப் போகலாம் என்றான். பெரியபாளையம் வழியாக பைக்கிலேயே போனார்கள்.

அன்றைக்கு ஸ்டீவன் கல்யாணத்துக்குத் தைத்த முழுக்கைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தி, கைக்கடிகாரமும் கட்டியிருந்தான். ஆஸ்பத்திரியில் கொடுத்த படிவத்தில் 'தொழில்' என்ற இடத்தில் 'பிரைவேட்' என்று எழுதினான். அந்தப் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். கவர்ன்மென்ட் இல்லாவிட்டால் பிரைவேட். லாரி ஓட்டினாலும் பிரைவேட், பொட்டலம் கட்டினாலும் பிரைவேட்.

டெஸ்ட் முடிந்து இரண்டாவது தடவை போனபோது டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். சின்ன வயது, பொறுமையாகப் பேசுகிறவர்.

"விந்தணு எண்ணிக்கை கம்மியா இருக்கு. ஒரு மில்லிக்கு ஒன்றரைக் கோடிக்கு மேல இருந்தா நல்லது. உங்களுக்கு நாற்பது லட்சம்தான் இருக்கு."

"நாப்பது லட்சம் போதாதா மேடம்?" என்று கேட்டான் ஸ்டீவன். தேவைப்படுவது ஒன்றுதானே என்பது அவன் நினைப்பு.

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு போதாது என்றார். பிறகு கேள்விகளை அடுக்கினார். சிகரெட் உண்டா, குடி உண்டா, சர்க்கரை உண்டா? லேப்டாப்பை மடியில் வைத்து வேலை செய்வீர்களா? கடைசிக் கேள்வியில் ஸ்டீவனுக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. இந்தம்மா நம்மை ஆபீஸ் வேலைக்காரன் என்று நினைத்துவிட்டது! "இல்ல மேடம்" என்று மட்டும் சொன்னான். நான் அந்த மாதிரி ஆள் இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை.

"போனை எங்க வைப்பீங்க?"

"பேன்ட் பாக்கெட்லதான்."

"அந்தக் கதிர்வீச்சால அணுக்கள் பாதிக்கும்னு சில ஆராய்ச்சி சொல்லுது. அப்படி ஒண்ணுமில்லன்னும் சிலது சொல்லுது. உறுதியா எதுவும் சொல்ல முடியாது. எதுக்கும் பாக்கெட்ல வைக்காம பாருங்க, நஷ்டம் ஒண்ணும் இல்லையே. மூணு மாசம் கழிச்சு மறுபடி டெஸ்ட் எடுக்கலாம்."

இதில் 'சில ஆராய்ச்சி சொல்லுது' என்ற பாதியை மட்டும் ஸ்டீவன் மடித்து எடுத்துக்கொண்டான். மீதியை அங்கேயே விட்டுவிட்டு வந்தான். வாசலுக்கு வரும்போதே போன் சட்டைப்பைக்கு மாறிவிட்டது. முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. தன் உடம்பில் கோளாறு இல்லை, பாக்கெட்டில்தான் கோளாறு!

ஏஞ்சலுக்கும் அன்று ஒரு நிம்மதி இருந்தது. ஒரு வழியாக உண்மை வெளியே வந்துவிட்டது. வண்டியில் பின்னால் உட்கார்ந்தபடியே கேட்டாள். "அத்தைக்கு எப்ப சொல்றீங்க?"

"சொல்லலாம், சொல்லலாம். மூணு மாசம் போவட்டும். நம்பர் ஏறிடுச்சின்னா சொல்ற வேலையே இல்லையே."

ஏஞ்சல் அவன் தோளிலிருந்து கையை எடுத்து, பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த மூன்று மாதமும் ஸ்டீவன் போனைப் பகையாளியாக நடத்தினான். அதன் கெடுதலைப் பற்றிய வீடியோக்களை அந்தப் போனிலேயே மணிக்கணக்கில் பார்த்தான். தூங்கும்போது பீரோ மேல் வைத்தான். வண்டியில் போகும்போது டேங்க் கவருக்குள் வைத்தான். கம்பெனியில் தன் டெஸ்ட் விஷயத்தைச் சொல்லாமல், பேன்ட் பாக்கெட்டில் போன் வைத்தால் பிள்ளை பிறக்காது என்ற எச்சரிக்கையை மட்டும் பரப்பினான். அவனோடு உலையில் நிற்கிற ரகு முதல் ஆளாகப் போனைச் சட்டைப்பைக்கு மாற்றினான். அங்கே வைத்தால் நெஞ்சுக்கு ஆகாது என்று யாரோ கிளப்பிவிட, கேன்டீனுக்குப் போகும்போது பத்துப் பதினைந்து பேர் போனை நுனிவிரலால் பிடித்துக்கொண்டு, செத்த எலியைத் தூக்கிப் போவது போல் போனார்கள்.

"ஏன்ணா, எனக்குத்தான் ரெண்டு பசங்க ஆயிடுச்சே, இனிமே நான் இன்னாத்துக்குப் பயப்படணும்?" என்று ஒரு நாள் ரகு கேட்டான்.

ஸ்டீவன் டீயைக் குடித்துக்கொண்டே, "உடம்புக்கே நல்லதில்லடா" என்று சொல்லிவிட்டான்.

உலை மேடைக்கு மட்டும் அவர்கள் என்றைக்குமே போனைக் கொண்டுபோனதில்லை. ஆயிரத்து அறுநூறு டிகிரியில் இரும்பு கொதிக்கிற இடம் அது. நீளக் கம்பியால் கசடை வாரும்போது முழங்கால் முதல் இடுப்பு வரை பேன்ட் துணி பொரிந்துவிடும் போலச் சுடும். ரகு புதுப் போன் வாங்கிய புதிதில் ஒரு தடவை மறந்து மேலே கொண்டுபோய், அது சூடு தாங்காமல் அணைந்துபோய், இரண்டு நாள் அவன் அழாத குறை. அதிலிருந்து ஷிப்ட் ஆரம்பித்ததும் எல்லோரும் ஓய்வறை ஜன்னலில் போன்களை வரிசையாக வைத்துவிட்டு, தண்ணீர் பாட்டிலோடு மேடைக்கு ஏறுவார்கள். எட்டு மணி நேரம், ஓவர்டைம் இருந்தால் பன்னிரண்டு.

இரண்டாவது மாதம் பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணுவின் மகளுக்கு வளைகாப்பு நடந்தது. ஸ்டீவன் வீட்டார் எல்லோரும் போனார்கள். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வளையல் போட்டார்கள். ஏஞ்சலும் எழுந்தாள். ஞானம்மா அவள் முந்தானையை மெல்லப் பிடித்து இழுத்தாள்.

"ஏஞ்சலு, புள்ளகுட்டிக்காரவங்க போட்டு முடிக்கட்டும். நீ கடைசில போட்டுக்கலாம், இன்னா?"

கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. அப்படித்தான் அந்த ஊரில் வழக்கம். சொன்ன குரலில் பாசம்கூட இருந்தது. ஏஞ்சல் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தவள் தலையைத் திருப்பி, வாசல் பக்கம் ஆண்களோடு நின்ற ஸ்டீவனைப் பார்த்தாள். அவனுக்கு எல்லாம் கேட்டது. அவன் சட்டைப்பையிலிருந்த போனை எடுத்து மணி பார்த்தான்.

அப்போது அவன் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அவனுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, இன்னும் ஒரே மாதம்தானே என்ற நப்பாசை இருந்தது. நம்பர் ஏறிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாமல் போய்விடும். ஏஞ்சல் கடைசியாக எழுந்து போய்ப் போட்டபோது கூடையில் உடைந்தது போக ஆறு வளையல்தான் மிச்சம் இருந்தது.

மூன்று மாதம் முடிந்தது. மறுபடி திருவள்ளூர், மறுபடி டெஸ்ட். டாக்டரம்மா பழைய ரிப்போர்ட்டையும் புதிய ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"நாற்பத்து மூணு லட்சம். இது ஏறினதாவே அர்த்தம் இல்ல" என்றார். "போனைப் பாக்கெட்ல வைக்கறதில்லதானே?"

"சத்தியமா இல்ல மேடம். கையாலகூடத் தொட யோசிக்கறேன்."

"முன்னாடி ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பாக்கெட்ல இருக்கும்?"

ஸ்டீவன் யோசித்தான். "போவ வர ஒரு மணி நேரம். அப்புறம் ஊட்ல இருக்கறப்ப. வேலைல இருக்கறப்ப வெளிய வெச்சிடுவோம்."

"ஏன் வெளியே?"

"சூடு மேடம். போன் தாங்காது, ஆஃப் ஆயிடும்."

டாக்டரம்மா பேனாவை மேஜை மேல் வைத்தார். "என்ன சூடு? ஆபீஸ்ல ஏசி இல்லையா?"

ஸ்டீவன் தலையைக் குனிந்துகொண்டான். பதில் பக்கத்து நாற்காலியிலிருந்து வந்தது. "இவரு ஆபீஸ்ல இல்ல மேடம். ஃபர்னஸ்ல கீறாரு. இரும்பு உருக்கற எடத்துல" என்றாள் ஏஞ்சல்.

"எத்தனை வருஷமா?"

"பதினோரு வருசமா."

"எவ்வளவு கிட்ட நிப்பீங்க?"

ஸ்டீவன் எழுந்து, கையை நீட்டிச் சுவருக்கும் தனக்கும் உள்ள தூரத்தைக் காட்டினான். நான்கடி இருக்கும். ஆஸ்பத்திரிச் சுவருக்கு முன்னால் கசடு வாருகிறவன் போல் நின்ற அவனை டாக்டரம்மா கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சூடு தாங்காதுன்னு போனைப் பத்திரமா வெளிய வெச்சுட்டு, நீங்க மட்டும் உள்ள போயிருக்கீங்க."

யாரும் சிரிக்கவில்லை. அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். விந்து உற்பத்தியாகிற இடம் உடம்பை விடக் கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், அதனால்தான் கடவுள் அதை உடம்புக்கு வெளியே தொங்கவிட்டிருக்கிறார். போன் விஷயத்தில் இன்னும் சந்தேகம் இருக்கிறது, சூடு விஷயத்தில் சந்தேகமே இல்லை. இது ஒன்றுதான் காரணம் என்று இப்போதே அடித்துச் சொல்ல முடியாது, ஸ்கேன் ஒன்று பார்க்க வேண்டும். முதலில் உலையை விட்டு இறங்கி ஆறு மாதம் வேறு வேலை பாருங்கள், பிறகு பார்ப்போம் என்றார். "இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே?" என்று அவர் கேட்டபோது, நீங்கள் கேட்கவில்லையே என்று சொல்ல ஸ்டீவன் வாயெடுத்தான். படிவத்தில் தான் எழுதியது நினைவுக்கு வந்து அடங்கிவிட்டான்.

திரும்பும்போது பெரியபாளையத்தில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினான். ஏஞ்சல் டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். குடிக்கவில்லை.

"பாவம் அந்த போனு. மூணு மாசமா அதும் மேல பழி" என்றாள். "அதுக்கு முன்ன நாலு வருசம் எம் மேல."

"ஏஞ்சலு..."

"சும்மா இருங்க. அன்னிக்கு வளகாப்புல கேட்டுக்கினுதானே நின்னீங்க? மணி இன்னா ஆச்சி அப்ப? சொல்லுங்க, மணி இன்னா?"

டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். ஸ்டீவனுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. பதினோரு வருஷமாக அவனை அசைக்காத சூடு அன்றைக்குத்தான் முகத்தில் தெரிந்தது.

மறுநாளே மேனேஜரிடம் டாக்டர் கொடுத்த கடிதத்தை நீட்டினான். உலையில் பழகிய ஆளை விட அவருக்கு மனமில்லை. முணுமுணுத்துக்கொண்டே லாரிகள் எடை போடும் இடத்துக்கு மாற்றினார். கம்பெனியில் கேட்டவர்களிடம் ஸ்டீவன் ஒளிக்கவில்லை. ரகுவிடம் முதலில் சொன்னான். ரகு, "அப்ப போனு?" என்று மட்டும் கேட்டான். வீட்டில் அம்மாவிடம்தான் வார்த்தை வரவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று ஒரு வாரம் ஓடியது.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ஞானம்மா வீட்டு ஜெபம் வைத்திருந்தாள். மாதம் ஒரு தடவை பாஸ்டரும் சபையார் பத்துப் பேரும் வீட்டுக்கு வந்து பாடி, ஜெபித்து, சுண்டலும் காபியும் சாப்பிட்டுப் போவார்கள். ஜெபம் முடிகிற நேரத்தில் ஏஞ்சல் நடுவில் விரித்த பாயில் முழங்கால் போட வேண்டும். பாஸ்டர் தலையில் கை வைத்து, இந்தச் சகோதரியின் நிந்தையை நீக்கும் ஆண்டவரே என்று ஜெபிப்பார். பெண்கள் அழுவார்கள். நான்கு வருஷமாக ஒரு மாதமும் தவறவில்லை. ஏஞ்சலின் இரண்டு முட்டியும் கறுத்திருந்தன.

அன்றைக்கும் பாய் விரித்தாயிற்று. ஏஞ்சல் முழங்கால் போட்டாள். பாஸ்டர் கையை உயர்த்தினார்.

"அய்யா, கொஞ்சம் இருங்க" என்றான் ஸ்டீவன். "ஏஞ்சலுக்கு ஒரு கொறையும் இல்ல. கொற என்கிட்டதான். டெஸ்ட் எடுத்துட்டேன்."

இறங்கத் தொடங்கிய பாஸ்டரின் கை பாதியில் நின்றது. பிறகு ஞானம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெருமையோடு சபையாரைப் பார்த்தாள்.

"பாத்தீங்களா எம் புள்ளய? பொண்டாட்டி மேல எவ்ளோ பாசம்! பழிய இவன் ஏத்துக்கறான்!"

பெண்கள் தலையாட்டினார்கள். "இப்டி ஒரு புருசன் கெடைக்க குடுத்து வெச்சிருக்கணும்" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி குனிந்து ஏஞ்சலின் தோளைத் தட்டி, "அழாதமா" என்றாள். ஏஞ்சல் அழவில்லை. பாஸ்டரின் கை மறுபடியும் அவள் தலையை நோக்கி இறங்கியது.

ஸ்டீவன் விடுவிடென்று உள்ளே போய் பீரோவைத் திறந்தான். இரண்டு ரிப்போர்ட்டையும் கொண்டுவந்து பாஸ்டர் கையில் வைத்தான்.

"படிங்கய்யா. எல்லாருக்கும் கேக்கற மாதிரி படிங்க. பேர்லருந்து படிங்க."

பாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஸ்டீவன் தானியேல், ஆண், வயது முப்பத்தாறு" வரைக்கும் பிரசங்கக் குரலில் கணீரென்று வந்தது. அடுத்த வரியில் குரல் இறங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டார். எண்ணிக்கையை மெதுவாகப் படித்தார். இருக்க வேண்டியது எவ்வளவு என்று பக்கத்தில் அச்சடித்திருந்ததையும் படித்தார். காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் ஏஞ்சலைப் பார்க்கவில்லை.

"ஃபர்னஸ் சூட்டாலதாம்மா" என்றான் ஸ்டீவன், அம்மாவிடம். "மூணு மாசத்துக்கு மேலா எனக்குத் தெரியும், கொற எம் மேலன்னு. நான்தான் சொல்லல. அவளுக்கும் தெரியும். எனக்காவ வாயத் தொறக்கல."

ஞானம்மா மகனைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். ஏஞ்சலின் முட்டிக்குக் கீழே கசங்கிக் கிடந்த பாயைப் பார்த்தாள்.

"யாருக்காக ஜெபிக்கட்டும்மா?" என்று பாஸ்டர் கேட்டார்.

பாயிலிருந்து கண்ணை எடுக்காமல், "எம் புள்ளைக்கு அய்யா" என்றாள் ஞானம்மா.

ஸ்டீவன் பாயில் முழங்கால் போட்டான். ஏஞ்சல் எழுந்து போய்ச் சுவரில் சாய்ந்து இரண்டு காலையும் நன்றாக நீட்டி உட்கார்ந்தாள். நான்கு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வீட்டு ஜெபத்தில் அவள் ஆமென் மட்டும் சொன்னால் போதுமாயிருந்தது.